ஓக் மரத்தின் மறுபாதி

விறகைப் புகழ்ந்து எழுதுகிறவரை நம்மூர் வாசகர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அது நியாயமான சந்தேகம். நமக்கு விறகு என்றால் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்த பெண்கள், ஈர விறகை ஊதி ஊதிச் சிவந்த கண்கள், கரி பிடித்த அடுக்களைச் சுவர். எரிவாயு சிலிண்டர் வீட்டுக்கு வந்த நாளை எந்தப் பாட்டியும் துக்க நாளாக நினைத்திருக்க மாட்டார்.

குளிர் நாடுகளில் கதை வேறு. அங்கே விறகுக்கென்று தனியாக ஓர் எழுத்து வகையே இருக்கிறது. நார்வே எழுத்தாளர் லார்ஸ் மிட்டிங் 2011-ல் மரம் வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது, உலர்த்துவது பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார். அது விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அதன் தொடர்ச்சியாக 2013 பிப்ரவரியில் நார்வேயின் பொதுத் தொலைக்காட்சி ஒரே இரவில் பன்னிரண்டு மணி நேரம் விறகு நிகழ்ச்சி நடத்தியது. அதில் எட்டு மணி நேரம் கணப்பில் நெருப்பு எரிவதை நேரலையாகக் காட்டினார்கள். விறகை அடுக்கும்போது பட்டை மேல்பக்கம் இருக்கணுமா கீழ்பக்கம் இருக்கணுமா என்று நேயர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ரசிக்கத்தக்க விஷயம்தான். ஆனால் இந்த வகை எழுத்தில் விறகு பெரும்பாலும் ஒரு நல்ல பழக்கமாக மட்டுமே வரும். உடம்புக்கு வேலை, மனசுக்கு அமைதி, அவ்வளவுதான். எரிகிற கட்டைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியை எழுப்பும் கட்டுரை என்று எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஆல்டோ லியோபோல்டின் ‘குட் ஓக்’. 1949-ல் வெளிவந்த ‘எ சேண்ட் கவுண்டி அல்மனாக்’ நூலில் பிப்ரவரி மாதத்துக்கான கட்டுரை அது. சூழலியல் எழுத்தின் செவ்வியல் ஆக்கங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். அதைப் பாதி அறுத்த மரம் என்றும் சொல்லலாம் என்பது என் வாதம்.

முதலில் ஆளைப் பற்றி. லியோபோல்ட் 1887-ல் அயோவாவில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்து, 1909-ல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்து, அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் வேலை பார்த்தார். 1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1935-ல் அந்த மாநிலத்தின் சாக் கவுண்டியில், விஸ்கான்சின் ஆற்றோரமாக, சத்தெல்லாம் உறிஞ்சப்பட்டுக் கைவிடப்பட்ட மணல் பண்ணை ஒன்றை வாங்கினார். அதில் உருப்படியாக மிஞ்சியிருந்த ஒரே கட்டடம் ஒரு கோழிக் கொட்டகை. அதைச் சீர்செய்து, மனைவி எஸ்டெல்லாவோடும் ஐந்து பிள்ளைகளோடும் வார இறுதிகளில் அங்கே போய்த் தங்கி மரக்கன்றுகள் நட்டார். 1948 ஏப்ரலில் பக்கத்து நிலத்தில் பற்றிய புல்தீயை அணைக்கப் போனவர் மாரடைப்பில் இறந்தார். நூலை வெளியிட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் ஒப்புக்கொண்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

கட்டுரையின் களம் எளிது. பழைய குடியேறிகள் வந்த பாதை மணல்மேட்டில் ஏறும் இடத்தில், பாதையோரமாக ஓர் ஓக் மரம். ஒரு ஜூலை இரவில் அதன் மேல் இடி விழுகிறது. செத்த மரத்தை ஒரு வருஷம் நின்றவாக்கிலேயே உலரவிட்டுவிட்டு, பிப்ரவரிக் குளிரில் இரண்டு பேர் இழுக்கிற பெரிய ரம்பத்தால் அறுக்கிறார்கள். உலரவிட்டதில் விவரம் இருக்கிறது. பச்சை ஓக்கில் தண்ணீர் அதிகம். அதை அப்படியே எரித்தால் வெப்பத்தில் ஒரு பகுதி தண்ணீரைக் கொதிக்க வைக்கவே போய்விடும், புகையும் அதிகமாகும். அடிமரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 30 அங்குலம். வளையங்கள் 80. அப்படின்னா முளைத்த வருஷம் 1865.

ரம்பம் பட்டையிலிருந்து உள்ளே போகப் போக, காலம் பின்னால் போகிறது. லியோபோல்ட் வாங்கிய ஆண்டுகள் முதலில் தூளாகின்றன. அடுத்து 1930-களின் வறட்சி, அதற்கு முன் அந்த நிலத்தை வைத்திருந்து, வீட்டையே எரித்துவிட்டுப் போன கள்ளச்சாராயக்காரரின் காலம், அப்புறம் பணம் கொழித்த 1920-கள். பத்து வருஷம் அறுத்ததும் தலைமை அறுப்பாளர் ஓய்வுக்குக் குரல் கொடுக்கிறார். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இழுக்கிறார்கள். இந்த ஓய்வுக் குரல் ஒரு பல்லவி மாதிரித் திரும்பத் திரும்ப வருகிறது. வரலாற்றை உட்கார்ந்து எழுதாமல் வேர்த்து எழுதியது போன்ற உணர்வு நமக்கு வருவதற்குக் காரணம் இந்தப் பல்லவிதான்.

பின்னால் போவதில் இன்னொரு வித்தையும் இருக்கிறது. விஸ்கான்சினின் கடைசிப் பயணிப் புறா சுடப்பட்டது 1899-ல். ரம்பம் அந்த வளையத்தைத் தாண்டி இன்னும் உள்ளே போகிறது. 1871-ஐத் தொடும்போது அந்த ஓக்கைச் சுற்றியுள்ள பகுதியில் 13.6 கோடிப் புறாக்கள் கூடு கட்டியிருக்கின்றன. 1872-ல் கடைசி வான்கோழி, 1866-ல் கடைசி எல்க் மான். ஒவ்வொன்றும் முதலில் செத்து, அடுத்த வளையத்தில் உயிரோடு வருகிறது. வீடியோவை ரிவர்ஸில் ஓட்டினால் உடைந்த கண்ணாடி ஒன்றுசேருமே, அது போல. இழப்பை எழுதியவர்கள் எத்தனையோ பேர். இழந்தது திரும்பி வருவதைக் காட்டி நம்மைக் கலங்கடிக்கும் வழியைக் கண்டுபிடித்ததால்தான் இந்தக் கட்டுரை 75 வருஷம் கழித்தும் படிக்கப்படுகிறது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். இந்த வரலாறெல்லாம் உண்மையிலேயே மரத்துக்குள் இருந்ததா?

மரம் தனக்கு நேர்ந்ததை மட்டும்தான் எழுதும். மழை நன்றாகப் பெய்தால் அகல வளையம். வறண்டால் குறுகிய வளையம். தீ சுட்டால் வடு. ஓக்கின் நடுப்பகுதியை நாம் வைரம் என்கிறோம். வைரம் பாய்ந்த கட்டை என்று ஆட்களைக்கூடச் சொல்வோம். அந்த வைரம் நீர் கடத்துவதை நிறுத்திவிட்ட, உயிரற்ற பகுதி. ஓர் ஆவணக் காப்பகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காப்பகத்தில் 1899 என்ற அடுக்கில் புறா கிடையாது. புறாவை லியோபோல்ட் நூலகத்திலிருந்து எடுத்துவந்து அந்த வளையத்தில் மாட்டினார். 1910-ல் ஒரு பல்கலைக்கழகத் தலைவர் இயற்கைவளப் பாதுகாப்பு பற்றிப் புத்தகம் வெளியிட்டது, 1915-ல் உச்ச நீதிமன்றம் மாநிலக் காடுகள் என்ற ஏற்பாட்டை ரத்து செய்தது, 1890-ல் பாலில் கொழுப்பை அளக்கும் பாப்காக் சோதனை வந்தது, எல்லாமே அப்படி மாட்டப்பட்டவை.

என் தொழிலில் இதற்கு நேரான ஒன்று உண்டு. மென்பொருள் எழுதுகிறவர்கள் கிட் என்ற கருவியில் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிப்போம். தேதியைக் கருவியே போட்டுக்கொள்ளும். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்ற குறிப்பை மட்டும் ஆள்தான் எழுத வேண்டும். அதே கருவியில் ‘பிளேம்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார், எப்போது என்று காட்டும். ரொம்பப் பயனுள்ள கட்டளை. ஆனால் அது இப்போது இருக்கிற வரிகளைப் பற்றி மட்டுமே பேசும். அழிக்கப்பட்ட வரியை அது காட்டாது. அப்படி ஒரு வரி இருந்தது என்று ஏற்கெனவே தெரிந்தவர்தான் வேறு வழியில் தேடிப் போக வேண்டும்.

லியோபோல்டின் ஓக்கில் தேதி மரம் போட்டது. குறிப்பு அவர் எழுதியது. எனவே குறிப்பில் எது இல்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

1874-ஆம் வளையத்தை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் செய்த முள்கம்பி முதன்முதலாக ஓக் மரங்களில் அறையப்பட்ட வருஷம் என்று அதைக் குறிக்கிறார் லியோபோல்ட். அப்படி ஏதாவது ஆணி உள்ளே புதைந்து ரம்பத்தின் பல்லைக் கெடுத்துவிடக் கூடாதே என்று விறகு வெட்டுகிறவனின் கவலையையும் சேர்த்துக்கொள்கிறார். நல்ல இடம். அதற்கு முந்தைய வளையத்தில், 1873-ல், சிகாகோ வியாபாரிகள் வாங்கிக் குவித்த புல்வெளிக் கோழிகளின் கணக்கு இருக்கிறது.

இதே இரண்டு வளையங்களுக்கு நடுவே, 1873 டிசம்பரில், அமெரிக்க ராணுவம் விஸ்கான்சினில் ஹோ-சங்க் மக்களைச் சுற்றி வளைத்துப் பிடிக்கத் தொடங்கியது. சாக் கவுண்டியும் அதைச் சுற்றிய நிலமும் அவர்களுடையது. 1837-ல் வாஷிங்டனில் அவர்களிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நிலத்தை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் இல்லாத குழு அது. காலி செய்ய எட்டு வருஷம் அவகாசம் என்று வாயால் சொல்லிவிட்டு, தாளில் எட்டு மாதம் என்று எழுதியிருந்தார்கள். பலமுறை வெளியேற்றப்பட்டும் பலமுறை திரும்பி வந்தார்கள். 1873–74 குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கானோரை நெப்ராஸ்காவுக்குக் கொண்டுபோனார்கள். குளிரிலும் நோயிலும் பலர் செத்தார்கள். இந்த ஓக் அப்போது ஒன்பது வயதுக் கன்று. இந்த வெளியேற்றம் ‘குட் ஓக்’ கட்டுரையில் இல்லை.

அவர் வனவிலங்கு அறிஞர், மனித வரலாறு அவர் வேலை இல்லையே என்று கேட்கலாம். அந்தப் பதில் இங்கே நிற்காது. உள்நாட்டுப் போர் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பால் சோதனைகூட இருக்கிறது. போரைப் பற்றி அவர் சொல்வது கட்டுரையின் உச்சமும்கூட. மனிதர்களுக்குள்ளான சமூகத்தைத் துண்டாடலாமா என்ற கேள்விக்கு ஆயிரக்கணக்கானோர் உயிரைக் கொடுத்து விடை கண்டுவிட்டார்கள்; மனிதருக்கும் நிலத்துக்குமான சமூகத்தைப் பற்றி இதே கேள்வி எழும் என்பதை அன்றும் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை என்கிறார். இரண்டாம் பகுதி தீர்க்கதரிசனம். முதல் பகுதிதான் இடிக்கிறது. விடை கிடைத்துவிட்டது என்று அவர் சொல்லும் வருஷத்துக்கு ஒன்பது வளையம் வெளியே, அவருடைய சொந்த மாவட்டத்திலேயே, ஒரு சமூகத்தைத் துண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

இதைவிட ஆழமான சிக்கல் இந்த மரத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1881-ல் விஸ்கான்சின் வேளாண் சங்கத்தில் நடந்த ஒரு விவாதத்தைக் கட்டுரை நகைச்சுவையோடு குறிப்பிடுகிறது. கடந்த முப்பது ஆண்டுகளாக நாடெங்கும் ஓக் கன்றுகள் இப்படி முளைத்திருக்கின்றனவே, எப்படி? ஒருவர் அவை தானாகத் தோன்றின என்றாராம். இன்னொருவர், தெற்கே பறந்த புறாக்கள் கக்கிய விதைகள் என்றாராம். தன் ஓக்கும் அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் என்கிறார் லியோபோல்ட். விடை அவருக்குத் தெரியும். அதே நூலின் ஏப்ரல் பகுதியில் எழுதியிருக்கிறார்: குடியேறிகள் வந்து உழத் தொடங்கியதும் புல்வெளித் தீ நின்றது, தீ நின்றதும் ஓக் எழுந்தது. அந்தத் தீயில் கணிசமான பங்கு பூர்வகுடிகள் வேட்டைக்காகவும் மேய்ச்சலுக்காகவும் தெரிந்தே வைத்த தீ. புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருந்தது அவர்களும்தான். அப்படின்னா, அவர்கள் விரட்டப்பட்டது இந்த மரத்தின் ஒரு வளையத்தில் விடுபட்ட செய்தி மட்டும் இல்லை. இந்த மரம் நின்றதற்கான காரணங்களில் ஒன்றே அது. பிப்ரவரிக் குளிரில் அவர் கணப்பில் எரிந்த வெப்பத்துக்குள், வேறொருவர் வைக்காமல் போன தீயும் சேர்ந்திருக்கிறது.

வளையங்கள் மனிதர்களைப் பேசாது என்பதும் உண்மையில்லை. லியோபோல்ட் இளமையில் வேலை பார்த்த அதே தென்மேற்கு நிலத்தில், ஏ. ஈ. டக்ளஸ் என்ற வானியலாளர் பழைய உத்திரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். 1929-ல் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கருகிய உத்திரத் துண்டு ஒன்று, அறுந்திருந்த கால வரிசையை இணைத்தது. புவெப்லோ பொனிட்டோ போன்ற பூர்வகுடிக் கட்டடங்கள் எந்த ஆண்டுகளில் எழுந்தன என்று அதன்பிறகுதான் சொல்ல முடிந்தது. கருகிய கட்டைக்கும் யார் இருந்தார்கள் என்று சொல்லத் தெரியும். கேட்கிறவர் கேட்க வேண்டும்.

இப்போது கட்டுரையின் தொடக்கத்துக்குப் போனால் அது வேறு மாதிரி ஒலிக்கிறது. சொந்தமாகப் பண்ணை இல்லாதவருக்கு ஆன்மிக ஆபத்து இரண்டு: சாப்பாடு மளிகைக் கடையிலிருந்து வருகிறது என்று நினைப்பது, வெப்பம் உலையிலிருந்து வருகிறது என்று நினைப்பது. இதுதான் அவருடைய நுழைவாயில். நகரத்தில் வாடகை வீட்டில், ஆப்பில் மளிகை வாங்கும் எனக்கு இது சுருக்கென்று குத்தும் வரி. ஆனால் சாக் கவுண்டியில் பண்ணை இல்லாததன் ஆபத்து ஆன்மிகத்தோடு நின்றுவிடவில்லை. ஹோ-சங்க் தலைவர் யெல்லோ தண்டர் 1849-ல் அதே கவுண்டியில் 40 ஏக்கர் நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கினார். தன் முன்னோர் நிலத்தில் தான் நிற்பதற்கு அவருக்கு ஒரு பத்திரம் தேவைப்பட்டது. பத்திரம் கையில் இருந்தால் நில உரிமையாளர். இல்லாவிட்டால் வண்டியில் ஏற்றப்பட வேண்டியவர். 1874-ல், முள்கம்பி வந்த அதே வருஷம், அவர் இறந்தார். நிலத்தைச் சொந்தமாக வைத்திருப்பது என்ற ஒரே விஷயம் ஒருவருக்கு ஞானத்தின் வழி, இன்னொருவருக்கு உயிர்தப்பும் வழி.

லியோபோல்ட் இதற்குக் குருடர் இல்லை என்பதுதான் என்னைத் தொடர்ந்து படிக்க வைக்கிறது. இதே நூலின் புகழ்பெற்ற கடைசிக் கட்டுரையான ‘தி லேண்ட் எதிக்’, போரிலிருந்து திரும்பிய ஒடிஸியஸ் தன் வீட்டு அடிமைப் பெண்களைத் தூக்கிலிட்டதில் தொடங்குகிறது. அவர்கள் அவனுடைய உடைமை. உடைமையை என்ன செய்தாலும் அறக்கேள்வி எழாது என்பது அந்தக் காலம். உடைமை என்ற சொல் எவ்வளவு வன்முறையை மறைக்கும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய நூல் இது. கேட்க வேண்டிய கேள்வி நூலுக்குள்ளேயே கிடக்கிறது; பிப்ரவரிக்கு அது எட்டவில்லை.

‘குட் ஓக்’ முடியும்போது லியோபோல்ட் மூன்று கருவிகளை வைத்து ஓர் உருவகம் சொல்கிறார். ரம்பம் வருஷத்துக்குக் குறுக்காகப் போகும். ஒவ்வொரு ஆண்டாகத் தூள் எடுக்கும். ஆப்பு நெடுக்காகப் பிளக்கும். எல்லா ஆண்டுகளையும் ஒரே நேரத்தில் காட்டும், ஆனால் எந்த இடத்தில் அடிக்கிறோம் என்பதில் இருக்கிறது வேலை. கோடாலி சாய்வாக வெட்டும். அண்மைக்கால வளையங்கள் வரைதான் எட்டும். நல்ல விறகுக்கும் நல்ல வரலாற்றுக்கும் மூன்றும் வேண்டும். நம்மூர்ப் பேச்சில் ஆப்பு வைப்பதற்கு வேறு அர்த்தம் உண்டு. விமர்சனத்துக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும். ரம்பத்தின் வேலையை அவர் அற்புதமாகச் செய்துவிட்டார். உடைமை என்ற இடத்தில் ஆப்பை வைத்து அடித்திருந்தால் கட்டை முழுவதுமாகத் திறந்திருக்கும்.

கடைசியாக ஒரு விவரம். ரம்பம் மையத்தை, அதாவது 1865-ஐத் தொட்ட பிறகும் மரம் விழுந்துவிடாது. மறுபக்கம் பாதி மரம் மிச்சம் இருக்கும். இப்போது ரம்பம் மையத்திலிருந்து வெளியே, காலத்தில் முன்னோக்கி அறுக்கும். லியோபோல்ட் இதைக் கவனித்து எழுதுகிறார், ஆனால் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார். பல்லவி இல்லை, ஆண்டுகள் இல்லை. அடுத்து வருவது அடிமரத்தின் நடுக்கமும் மரம் சாயும் சத்தமும்தான்.

அந்த மறுபாதியை வாசகர் தானே அறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். முன்னோக்கிப் போனால் புறாக்கள் திரும்பி வராது. அவை போய்க்கொண்டே இருக்கும். ஆனால் வேறொன்று தெரியும். 1874-ல் நெப்ராஸ்காவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே நடந்தே திரும்பி வந்துவிட்டார்கள். பழங்குடி உறவைத் துறந்தால் வீட்டுநிலம் கோரலாம் என்றது 1875-ன் சட்டம். 1881-ல், ஓக் கன்றுகள் எங்கிருந்து வந்தன என்று வேளாண் சங்கம் மண்டையை உடைத்துக்கொண்ட அதே வருஷம், விஸ்கான்சினில் இருக்கும் ஹோ-சங்க் மக்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்த முடியாது என்று அரசு ஒருவழியாகப் புரிந்துகொண்டிருந்தது. இன்று அந்த மாநிலத்திலேயே, பிளாக் ரிவர் ஃபால்ஸ் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு, அவர்களுக்கென்று அரசு இருக்கிறது. பின்னோக்கி மட்டும் அறுக்கிறவருக்கு இந்தத் திரும்புதல் கண்ணில் படாது. அவருக்குக் கிடைப்பது, முன்னொரு காலத்தில் எல்லாம் நிறைவாக இருந்தது என்ற ஏக்கம்தான். சூழலியல் எழுத்து இன்றும் எளிதாகப் போய் விழும் பள்ளம் அது. மனிதர் இல்லாத காட்டைக் கற்பனை செய்துகொண்டு, அந்தக் காட்டுக்காக அழுவது.

கட்டுரையைப் படியுங்கள். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். எரித்த ஓக்கின் சாம்பலை லியோபோல்ட் பழத்தோட்டத்துக்குக் கொடுக்கிறார். அது ஆப்பிளாக வரலாம், இல்லை அக்டோபரில் கொழுத்த ஓர் அணிலின் சுறுசுறுப்பாக வரலாம் என்கிறார். அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தவரிடம்தான் இந்தக் கூடுதல் கணக்கைக் கேட்கத் தோன்றுகிறது. மற்ற விறகுப் புத்தகங்களிடம் நான் இதைக் கேட்க மாட்டேன்.